சுத்தமான உடம்பு

முதலில் வந்தது புளியோதரை தின்ற கை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வசந்தாமணிக்கு அது தெரிந்துவிட்டது. நல்லெண்ணெயும் பெருங்காயமும் விரலிடுக்கில் தங்கி, சோப்புப் போட்டும் போகாமல், அவள் மூக்குக்கு நாலு விரல் தள்ளி வந்து நின்றது அந்தக் கை. நிற்பதோடு சரி. தொடாது. தொடக்கூடாது என்பதுதான் அவள் புருஷன் ஜெகநாதன் நடத்தும் வகுப்பில் முதல் பாடம். "தொட்டா தோலுதான் தெரியும். தொடாம இருந்தாத்தான் ஆளு தெரியும்" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்வார். இப்போதும் அவளுக்குப் பின்னால் எங்கோ நின்று, குரலைத் தேனில் ஊறப்போட்டு எடுத்த மாதிரி, அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பம்ப்செட் ஏஜென்சி நடத்திய காலத்தில் கட்டின புருஷனிடம் இந்தக் குரல் இருந்ததில்லை. அப்போதெல்லாம் போனில் கத்துவார், ரசத்தை உறிஞ்சுவார், சட்டையைக் கழற்றியதும் முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்ப்பார். அதிலும் அவளுக்கு அருவருப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அது வீட்டு அருவருப்பு, துவைத்துக் காயப்போட்டால் போய்விடும். ஏஜென்சி நொடித்துப்போய், புதுச்சேரிப் பக்கம் எங்கோ தங்கி ஒரு பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த பிறகு அவர் உறிஞ்சுவதை விட்டார், கத்துவதை விட்டார், அவளைத் தொடுவதையும் விட்டுவிட்டார். மாடியில் உதிரிபாகம் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து வெள்ளைத் திரை மாட்டினார். மனுஷ உருவத்தைச் சுற்றிக் கலர் கலராக வளையம் போட்ட படம் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். அறை நடுவே ஒரு வட்ட ஸ்டூல். அது அவளுக்கு. ஒவ்வொரு உடம்பைச் சுற்றியும் ஒரு சக்திப் படலம் இருக்கிறது, ஆரா என்பது அதுதான், பழகினால் உள்ளங்கையால் அதை உணரலாம், பழகுவதற்கு ஒரு சுத்தமான உடம்பு வேண்டும், அப்படிப்பட்ட உடம்பு என் வீட்டிலேயே இருப்பது என் பாக்கியம் என்று அவர் சொல்ல, வந்தவர்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள்.

படலம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பாலாடை ஞாபகம் வந்துவிடும். சின்ன வயதில் டம்ளரை வாயில் வைத்ததும் மேல் உதட்டில் வந்து ஒட்டும் அந்த ஈரத்தோல், சுருங்கிக்கொண்டு, வெதுவெதுவென்று, இழுத்தால் நீளும். வாந்தி எடுக்காமல் அவள் பால் குடித்ததே இல்லை. இப்போது தன்னைச் சுற்றித் தலையிலிருந்து கால்வரை அப்படியொரு ஆடை படிந்திருப்பதாகவும், ஒவ்வொரு கையும் வந்து அதை விரலால் வழித்துப் பார்ப்பதாகவும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. புளியோதரைக் கை போய் அடுத்த கை வந்தது. இது ரிட்டயரான போஸ்ட்மாஸ்டருடையது. கை வருவதற்கு முன் மூச்சு வந்துவிடும், மூக்கில் ஏதோ வளைந்திருப்பதால் ஒரு சின்ன விசில், அதன்பின் பல்செட் டப்பாவின் வாடை. கை அவள் நெற்றியைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, வயிற்றுக்கு எதிரே வந்து நின்றது. "ஜெகன்ஜி, இங்க ஒரு சூடு தெரியுதுங்க. அலை அலையா வருதுங்க" என்றார் அவர். ஜெகன்ஜி. இந்த ஜி எங்கிருந்து வந்து இவர் மேல் ஒட்டியது, உண்ணி மாதிரி. "அருமைங்க. அதுதான் ஜீவாக்கினி. எல்லாரும் கவனிங்க, ஐயாவுக்குக் கை திறந்துடுச்சு" என்றார் ஜெகநாதன். சுற்றிலும் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆ என்று ஒரு பெருமூச்சு விட்டார்கள், பத்துப் பன்னிரண்டு வாய் ஒன்றாகத் திறந்து காலை இட்லியின் புளிப்பு அறையெங்கும் பரவியது. வயிற்றில் இருப்பது ஜீவாக்கினி அல்ல, காலையில் அவசரமாக விழுங்கிய உப்புமா என்று அவளுக்குத் தெரியும். அது இப்போது மேலே ஏறிவந்து ஏப்பமாக முட்டியது, அதை அடக்கினாள். சுத்தமான உடம்பு ஏப்பம் விடாது.

கைகளைக் கண்டு இப்படிக் கூசும் சுபாவம் அவளுக்கு எப்போது வந்தது? பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவருடைய பெரியம்மா அவள் சடையைத் தூக்கிப் பிடரியைப் பார்த்தாளே, தேமல் இருக்கிறதா என்று, அப்போதா? பிரசவத்தில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்களே, அப்போதா? அதில் ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்தாள். ஆனாலும் அந்தக் கைகள் கடைசியில் ஒரு பிள்ளையை வெளியே எடுத்துக் கொடுத்தன. இன்றைக்கு அந்தப் பிள்ளை பெங்களூரில் இருந்துகொண்டு, அப்பாவுக்கு ஏதோ ஒரு பிடிப்பு கிடைச்சிருக்கும்மா, ஸ்டூல்ல உக்கார்றதுல உனக்கென்ன நட்டம் என்கிறது. இந்தக் கைகள் எதை எடுக்கின்றன, எதைக் கொடுக்கின்றன? காற்றைத் தடவுகின்றன, அவ்வளவுதான். ஆனால் தடவப்படுகிற காற்று அவளுடையது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேலே பட்டால் தட்டிவிடலாம். படாத கையை என்ன செய்வது? குளிக்கும்போது தேய்த்துக் கழுவலாமென்றால் எதைக் கழுவுவது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இரண்டாம் தடவை குளித்துவிட்டுத்தான் அவள் சோற்றில் கை வைப்பாள். அப்படித்தான் ஆடி மாதம் ஒரு ஞாயிறு, சோப்பு நுரையில் விரல் வழுக்கிக்கொண்டு போய், இடது மார்பில் அக்குள் பக்கமாக ஓர் இடத்தில் தட்டி நின்றது.

பலாக்கொட்டை மாதிரி. வேகாத பலாக்கொட்டை. விரலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். இருந்தது. வலியில்லை, அதுதான் பெரிய அசிங்கம். வலித்தால் தன்னுடையது என்று இருக்கும். வலிக்காமல், எதுவும் கேட்காமல், சோறு போட்டு வளர்த்தவள் யாரென்றே தெரியாமல் உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்து சொத்தைப் பல்லுக்கு நாக்குப் போகிற மாதிரி விரல் அங்கேயே போகிறது. போய்த் தொட்டுவிட்டு வந்ததும் அவள் அந்த விரலை முகர்ந்து பார்ப்பாள், சோப்பு வாசம்தான் வரும், இருந்தாலும் முகர்வாள், அப்படி முகர்கிற தன்னை நினைத்துக் குமட்டும். மறுநாள் காலையில் சொல்லிவிடத்தான் இருந்தாள். காப்பி குடிப்பதற்கு முன் கட்டிலருகில் வந்து நின்று அவளை உச்சி முதல் பாதம்வரை உள்ளங்கையால் பார்ப்பது ஜெகநாதனின் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் ஒரு சிரிப்போடு, அந்தக் கை கழுத்தைத் தாண்டியது, இடது பக்கம் வந்தது, அதற்கு நேர் மேலே வந்தது, நிற்கவில்லை, போய்விட்டது. "சுத்தமா இருக்குது மணி. கண்ணாடியாட்டம்" என்றார். கீழே கிடக்கிற மலத்தை ஒருவர் வெள்ளை வேட்டியோடு சிரித்துக்கொண்டே மிதித்துப் போவதைப் பார்த்தது மாதிரி இருந்தது அவளுக்கு. கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம், நாளைக்கு நிற்கிறதா என்று பார்க்கலாம். நாளையும் நிற்கவில்லை. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, தீபாவளியும் போயிற்று. உள்ளே இருப்பது கொஞ்சம் பெருத்தது. அவர் பொய் சொல்கிறார் என்றால்கூட ஒரு நிம்மதி இருந்திருக்கும். அவர் நம்பினார். அந்தக் கையை அவர் மனசார நம்பினார். அவர் தோற்கட்டும் என்றுதான் காத்திருக்கிறோம் என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தாள், ஒரு நாள் கை அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டதே, அப்போதுதான் தெரிந்தது, அவர் ஜெயிக்க வேண்டுமென்று காத்திருக்கிறோம் என்று. அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. உயிரை வைத்துக்கொண்டு இது என்ன பந்தயம்.

தெரியாதவள் இல்லை அவள். தாராபுரத்து அத்தையைப் பார்த்திருக்கிறாள். அப்பாவின் தங்கை, வெடவெடவென்று உயரம், சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். அவளும் இப்படித்தான் சேலையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு வருஷத்துக்குமேல் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள், ரணமாகி உடைகிறவரை. பின்கட்டு அறையில் படுக்கை. சாம்பிராணி போட்டுப் போட்டு அந்த அறையே கறுத்துப் போயிருந்தது, ஆனால் அந்த வாடை சாம்பிராணிக்கு அடியில் ஊர்ந்து வந்தது, இனிப்பாக, அழுகின சப்போட்டாப் பழம் மாதிரி. இனிப்பாக இருந்ததுதான் கொடுமை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதே வசந்தாமணி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொள்வாள், அது தீர்வதற்குள் வைத்துவிட்டு ஓடிவர வேண்டும். ஒரு நாள் அத்தை, "மூச்ச உட்டுக்க கண்ணு. வெச்சுப்போட்டு ஓடு" என்றாள், கோபமில்லாமல். அதற்குப் பிறகு அவள் சப்போட்டா தின்றதில்லை. நாளைக்குத் தன் அறைக்கு வெளியே யார் வந்து நிற்பார்கள், யார் காற்றை இழுத்துக்கொள்வார்கள்? இவர் ஊதுவத்தி ஏற்றுவார். ஏற்றிவிட்டுத் தூர நின்று உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு, மேலே எல்லாம் வெள்ளையா இருக்குது மணி, ஊதாவா இருக்குது மணி என்பார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகில் வியர்வை ஓடிற்று. திரைக்கு வெளியே வெயில் ஏறிவிட்டது போலிருக்கிறது, சுவரில் எந்தக் காலத்திலோ ஊறின மோட்டார் கிரீஸ் இளகி, லாவண்டர் ஊதுவத்தி வாசனைக்கு அடியிலிருந்து மூக்கை நீட்டியது. மூக்குச்சளியோடு ஒரு கை வந்து போயிற்று. நகப்பூச்சு நெடியோடு ஒரு கை. தலைச்சாயம் அப்பின ஒரு அம்மாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஐயோ அமிர்தமா இருக்குதுங்க என்று அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள்.

கடைசியாக வந்த கையில் வாசனை ஏதும் இல்லை. "வாங்கம்மா, நீங்களும் பாருங்க. மாமியாரைக் கூட்டிட்டு வந்தேன்னு ஒதுங்கி உக்காந்துட்டா எப்படி? பேரென்ன சொன்னீங்க?" என்று ஜெகநாதன் கேட்பதும், "இந்துமதிங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைங்க" என்று ஓர் இளம் குரல் சொல்வதும், அழுத அம்மாள், "போ சாமி, பயப்படாத" என்று அவளைத் தள்ளிவிடுவதும் கேட்டது. கை தலைக்கு மேலிருந்து மெதுவாக இறங்கியது. எல்லாரையும் போலத்தான். நெற்றி, தொண்டை, வலது தோள். வசந்தாமணிக்குக் கால் மரத்துப் போயிருந்தது, இவளோடு முடியும், கீழே போய்க் குளிக்கலாம், வெந்நீர் போட வேண்டும். கை இடது பக்கம் வந்தது. நின்றது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. நின்ற கை நின்றபடியே இருந்தது. "இந்த இடத்துல ஏதோ இருக்குதுங்க" என்றாள் இந்துமதி. யாரோ பாயில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெகநாதன் சிரித்தார், குழந்தை தப்பாகக் கூட்டல் போட்டால் வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "அது உங்க மனசுல இருக்கற தயக்கம்மா. அதை நீங்க அங்க கொண்டுபோய் வெக்கறீங்க. மணியோட சக்திப்புலம் எனக்குத் தெரியாததுங்களா? தெனமும் காத்தால பாக்கறேன். அங்க ஒண்ணுமே இல்லை. கையை இறக்கிட்டு மறுபடி ஆரம்பிங்க." கை இறங்கப் போனது. அது இறங்குகிற காற்றுக்கூட அவளுக்குத் தெரிந்தது. இறங்கிவிட்டால் மறுபடி மார்கழி, தை. "இருக்குதுங்க" என்றாள் வசந்தாமணி. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை, பால் பாக்கெட் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. கண்ணைத் திறந்தாள். "கட்டி இருக்குதுங்க. ஆடியில இருந்து இருக்குது. இப்பப் பெருசாயிருக்குது."

அப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். முதலில் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அதன்பின், பயம் வருவதற்கு முன்னால், பயம் பின்னாலேயே வந்துவிட்டது, அதை அவள் இல்லையென்று சொல்ல மாட்டாள், ஆனால் அதற்கு முன்னால் கண் இமைக்கிற நேரம் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் அடித்தது. லாட்டரி விழுந்தவன் முகம். ஏஜென்சிக்கு முதல் ஆர்டர் வந்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை, திரும்பி வகுப்பைப் பார்த்தார். "பாத்தீங்களா" என்றார். "முதல் நாள் வந்தவங்க. ஒரு பயிற்சியும் இல்லை. கை கண்டுபிடிச்சிருச்சு பாத்தீங்களா." போஸ்ட்மாஸ்டர் கை தட்டினார். ஒன்றிரண்டு பேர் சேர்ந்து தட்டினார்கள், அப்புறம் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஓசை மழைச்சாரல் மாதிரி தேய்ந்து நின்றது. ஜெகநாதனின் கண்ணில் நீர் வந்துவிட்டிருந்தது, அது நிஜமான நீர்தான், கன்னத்து நரைமயிரில் இறங்கி மினுங்கியது. "எல்லாரும் எந்திரிச்சு வாங்க. சுத்தி நில்லுங்க. எல்லாரும் சேந்து அனுப்புவோம். மணி, கண்ணை மூடிக்க, ஒண்ணும் இல்லை, கரைச்சிடலாம்." கரைச்சிடலாம். உப்புக்கல்லைச் சொல்கிற மாதிரி. அவர்கள் எழுந்து வந்தார்கள். வட்டமாக நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு ஜோடி உள்ளங்கைகள், ரேகையும் அழுக்கும் மருதாணிக் கறையும் வியர்வை மினுக்குமாக, அவள் மார்பை நோக்கி நீண்டன. எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். கைகளும் கூடவே எழுந்தன, அவளோடு நகர்ந்தன. "வழி உடுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருடைய கைகளுக்கு நடுவே தோளைக் கொடுத்து, அவர்கள் மேல் இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மத்தியானத்தில் மனுஷ உடம்பு ஒன்று அவள் மேல் பட்டது அப்போதுதான்.

சமையலறைக் குழாயில் முகத்தைக் கழுவினாள், கழுத்தைக் கழுவினாள், ரவிக்கை நனைவதைப் பார்க்காமல் கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தொட்டியில் வெயில் பட்டு வெதுவெதுப்பாகத்தான் வந்தது. பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினால் இந்துமதி, முப்பது வயது இருக்கும், கழுத்தில் ஹெல்மெட் வார் அழுத்தின தடம். முகம் வெளிறிப் போயிருந்தது. "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்குக் கையில ஒண்ணுமே தெரியலைங்க. அவர் சொன்ன மாதிரி சூடும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க இடது கைய உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. அந்தப் பக்கம் யாரு வந்தாலும் தோளு உள்ள போச்சு. ரொம்ப நேரமாப் பாத்துட்டே இருந்தேன். அதான் சொன்னேன். மேல போயி அவங்ககிட்டச் சொல்லிடட்டுங்களா?" என்றாள். வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரிப்பு வந்தது, சிரித்தால் வாந்தி வரும்போல் இருந்ததால் சிரிக்கவில்லை. இவ்வளவுதானா. நாலு மாசமாகக் காலையில் கட்டிலருகே நிற்கிறவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருந்திருந்தால் போதும், அவ்வளவுதான். "வேண்டாம் சாமி. நீ சொன்னா நம்ப மாட்டாங்க. கடவுள் உன் கண்ணுல வந்தாருன்னு சொல்லுவாங்க" என்றாள். அந்தப் பெண் போகாமல் நின்றாள். "யார்கிட்டயாவது காட்டுனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று வசந்தாமணி தலையாட்டினாள். திறந்தபடி கிடந்த குழாயை மூடினாள்.

ஜெகநாதன் படியிறங்கி வந்தார். மேலே அவர்கள் ஏதோ முனகலாகச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது ஈக்கூட்டம் மாதிரி கேட்டது. அவர் வாசற்படியிலேயே நின்றார். இப்போது அந்த வெளிச்சம் எல்லாம் போய், பழைய முகம், ஏஜென்சி மூடிய அன்று இருந்த முகம். "ஏன் மணி எங்கிட்டச் சொல்லலை?" என்றார். அவருடைய வலது கை அவருக்கே தெரியாமல் எழும்பி, தூரத்திலிருந்தே, அவள் இடது பக்கத்தை நோக்கி விரிந்தது. அவ்வளவையும் பார்த்த பிறகும். அவள் மூன்று எட்டு வைத்துப் போய் அந்தக் கையைப் பிடித்தாள், இழுத்தாள், ஈர ரவிக்கைக்குமேல் அந்த இடத்தில் வைத்து அமுக்கினாள். இந்துமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். "அழுத்திப் பாருங்க. இன்னும் கொஞ்சம் மேல. ஆமா, அதுதான்." விரல் அதைக் கண்டுகொண்டது அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் கை வெடுக்கென்று பின்வாங்கியது. இருட்டில் நத்தையைத் தொட்டுவிட்டவன் கையை உதறுவானே, அப்படி. வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை, துடைத்துக்கொண்டே நின்றார். அவள் அதைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. அவளுக்கு அவளே செய்கிற காரியம்தான் அது, நாலு மாசமாக. "கல்லாட்டம் இருக்குது" என்றார் அவர். "ஆமாங்க. காரை எடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமையும் டாக்டர் இருப்பாங்க" என்றாள்.

மாடியில் இருந்தவர்களைத் தான் அனுப்பிவைப்பதாக இந்துமதி சொன்னாள். இருவரும் கிளம்பினார்கள். கார் சூடேறிக் கிடந்தது, சீட்டின் ரெக்சின் தொடையில் ஒட்டியது. அவினாசி ரோட்டில் போக்குவரத்து அதிகமில்லை. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார், உதட்டின் மேல் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஆஸ்பத்திரியில் சேலையை விலக்கச் சொல்வார்கள், கையுறை வரும், அதன் மாவு வாசனை வரும், ஊசி, எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பார்கள், ஆடி என்று சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கேட்கட்டும். பார்த்துக்கொள்ளட்டும். சிக்னலைத் தாண்டியதும் அவர் திடீரென்று காரை ஓரங்கட்டினார். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தார். அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை ஜிப்பா முதுகில் ஒட்டி விலா எலும்பு ஏறி இறங்கியது, தொண்டையிலிருந்து மிருகம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயிற்று. அவள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். பிசுபிசுவென்று, சில்லென்று இருந்தது அந்த நெற்றி. காலருகே மஞ்சளாகத் தேங்கிக் கிடந்ததன் புளித்த நெடி முகத்தில் அடித்தது. "பயமா இருக்குது மணி" என்றார், குனிந்தபடியே, பம்ப்செட் விற்ற காலத்துக் கரகரத்த குரலில். அவர் வாயோரத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். குமட்டியது, துடைத்தாள்.

"இன்னும் வருதுங்களா?"

"இல்லை."

"அப்ப வண்டியில ஏறுங்க."